கெக்கில் எவ்வளவு பீர் மிச்சம் இருக்கிறது? திறக்காமல் பார்க்க வழி உண்டா?

கடைசிக்கோப்பை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் காய்ச்சும் பீரை பாட்டிலில் அடைப்பதை விட்டுவிட்டு 19 லிட்டர் கார்னி கெக்குக்கு (சிலிண்டர் வாயுவின் அழுத்தத்தில் பீரை வைத்துக் குழாயில் ஊற்றும் உருளைப் பாத்திரம்) மாறியிருக்கிறேன். பாட்டில் கழுவும் வேலை ஒழிந்தது, அந்த வகையில் நிம்மதி. ஆனால் ஒரு தொல்லை. பாட்டில் என்றால் எண்ணிப் பார்த்துவிடலாம். இது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வழியே இல்லை. நன்றாக ஊற்றிக்கொண்டே இருக்கும், திடீரென்று குழாய் சீறும், நுரையாகக் கக்கும், அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது.

சனிக்கிழமை எட்டுப் பேர் வருகிறார்கள். இப்போது ஃப்ரிட்ஜில் ஓடிக்கொண்டிருக்கும் கெக் போதுமா, இல்லை அடுத்ததையும் குளிர வைக்க வேண்டுமா என்று தெரிய வேண்டும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிடலாமா? நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

நுரைமன்னன் எழுதியது:

தூக்கிப் பார்ப்பேன். கனமாக இருந்தால் இருக்கிறது. லேசாக இருந்தால் இல்லை. :)

பழையகெக் எழுதியது:

திறக்க வேண்டாம் தம்பி. திறக்க வேண்டுமென்றால் முதலில் அழுத்தம் முழுவதையும் வெளியேற்ற வேண்டும். அழுத்தத்தோடு மூடியின் கிளாம்ப்பை நெம்புகிறவர்களும் இருக்கிறார்கள், அது விளையாட்டல்ல. அழுத்தத்தை விட்டால் கார்பனேஷன், அதாவது பீரில் கரைந்திருக்கும் வாயு, கொஞ்சம் போகும். அதைக்கூடத் திரும்ப ஏற்றிவிடலாம். உள்ளே போகும் ஆக்சிஜனை வெளியே எடுக்க முடியாது. ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தரும் பூ) தூக்கலான பீராக இருந்தால் சில நாளிலேயே நிறம் மங்கிப் பழுப்பாகும், வாசனை செத்து நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு சுவை வந்துவிடும். அளவு பார்க்கிறேன் என்று பீரையே கெடுத்துக்கொள்வதில் என்ன பயன்?

நான் இன்றைக்கும் வெந்நீர்தான். கெட்டிலில் தண்ணீரைச் சூடாக்கி, கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்போது, கெக்கின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரே கோடாக ஊற்றுவேன். ஊற்றியதும் அதே கோட்டில் விரல் நுனியை மேலிருந்து கீழே இழுத்து வர வேண்டும். சூடு, சூடு, சூடு என்று வந்துகொண்டே இருக்கும், ஓரிடத்தில் சட்டென்று ஜில்லென்று ஆகிவிடும். அதுதான் பீரின் மட்டம். மேலே வெறும் வாயு, அதனால் தகடு உடனே சூடாகிவிடுகிறது. கீழே இருக்கும் பீர் அந்தச் சூட்டை விழுங்கிவிடுகிறது.

மால்ட்டும்ஹாப்பும் எழுதியது:

பழையகெக் அண்ணா சொன்னதோடு ஒரு சின்னச் சேர்க்கை. அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இருப்பதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒரு காரணம். உலோகங்களில் அது வெப்பத்தை மந்தமாகக் கடத்துகிற ரகம். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால் மேல் பாதியின் சூடு கீழே பரவுவதற்குள் நமக்கு விரலை ஓட்ட நேரம் கிடைக்கிறது.

கணக்கு வேண்டுமென்றால்: பால் லாக் (குழாய் மாட்டும் இணைப்பில் ஒரு வகை, மற்றது பின் லாக்) கார்னியின் உள்விட்டம் ஏறக்குறைய 21 செ.மீ. குறுக்குப் பரப்பு சுமார் 346 சதுர செ.மீ. அதாவது ஒரு செ.மீ. உயரத்துக்குக் கிட்டத்தட்ட 0.35 லிட்டர். ஒரு செ.மீ. ஒரு சின்னக் கோப்பை என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். பின் லாக் கெக் கொஞ்சம் குட்டை, கொஞ்சம் குண்டு, அதில் ஒரு செ.மீ.க்கு 0.4 லிட்டர் வரும். அடிப்பாகம் கிண்ணம்போல் வளைந்திருப்பதால் கடைசி சில செ.மீ.க்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

அமைதிநொதி எழுதியது:

வெந்நீர் முறையில் யாரும் சொல்லாத ஒன்று: அடியில் ரப்பர் கவசம் போட்ட கெக் என்றால் கடைசி இரண்டு மூன்று லிட்டருக்கு இந்த முறை உதவாது. ரப்பருக்குப் பின்னால் விரல் எதையும் உணராது. நமக்குக் கவலையே அந்தக் கடைசி மூன்று லிட்டரைப் பற்றித்தானே!

இன்னொன்று, பிளாஸ்டிக் கெக் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வெந்நீர் ஊற்ற வேண்டாம். பெட் பிளாஸ்டிக் சூட்டில் இளகும், உள்ளே அழுத்தம் வேறு இருக்கிறது. அதில் பின்னால் ஒரு விளக்கைப் பிடித்தாலே மட்டம் தெரிந்துவிடும், வெந்நீரே தேவையில்லை.

கடைசிக்கோப்பை எழுதியது:

அருமை, இன்றைக்கே ஊற்றிப் பார்க்கிறேன். என்னுடையதில் ரப்பர் கவசம் இருக்கிறது, அமைதிநொதி அக்கா சொன்ன சிக்கல் எனக்கும் வரும் போலிருக்கிறது. வெளிப்பக்கம் நீர் பூத்திருக்கும் கோட்டைப் பார்த்தால் போதும் என்று எங்கோ படித்தேன், அது சரிவருமா?

பழையகெக் எழுதியது:

ஃப்ரிட்ஜை விட்டு வெளியே எடுத்தால் வரும், அதுவும் காற்றில் ஈரப்பதம் இருந்தால். வெளியே எடுத்ததும் முழுக்கவே பூக்கும். கொஞ்ச நேரம் விட்டால் மேல் பாதி சூடேறிக் காய்ந்துவிடும், பீர் இருக்கும் பகுதி மட்டும் வியர்த்துக்கொண்டே இருக்கும். ஃப்ரிட்ஜுக்கு உள்ளேயே இருக்கும் கெக்கில் மேலும் கீழும் ஒரே குளிர்தான், கோடு எங்கிருந்து வரும்?

தராசுக்காரன் எழுதியது:

இவ்வளவு தூரம் சுற்ற வேண்டாம். எடை போடுங்கள்.

பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசு ஒன்று போதும். 50 கிலோ வரை தாங்கும், 10 கிராம் வரை காட்டும். கொக்கியைக் கெக்கின் கைப்பிடியில் மாட்டி, தரையை விட்டு ஒரு விரல் உயரம் தூக்கினால் முடிந்தது. காலி கார்னி சுமார் 4 கிலோ. நிரம்பியது 23 கிலோவுக்கு மேல். இடையில் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

தண்ணீர் 1.000 என்றால், நொதித்து முடிந்த பீரின் இறுதி அடர்த்தி பெரும்பாலும் 1.010 முதல் 1.015க்குள் இருக்கும். ஆகவே ஒரு லிட்டர் என்பது 1.01 கிலோ. அந்த ஒரு சதவீதத்தை விட்டுவிட்டு கிலோவை லிட்டர் என்று எடுத்தாலும், நிரம்பிய கெக்கில் பிழை 200 மி.லி. மட்டும். கால் கெக் மிச்சம் இருக்கும்போது 50 மி.லி. யாருக்குக் கவலை?

முக்கியமானது காலி எடை. "சுமார் 4 கிலோ" என்று நான் சொன்னதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு கெக்குகளுக்கு இடையிலேயே அரைக் கிலோ வித்தியாசம் வரும். ரப்பர் உள்ளதா, மூடி எது, டிப் டியூப் (அடியிலிருந்து பீரை மேலே எடுக்கும் உள்குழாய்) எது என்பதைப் பொறுத்தது. கழுவிக் காயவைத்ததும், நிரப்புவதற்கு முன்னால், மூடியோடு சேர்த்து எடை போட்டு, அழியாத மார்க்கரால் கைப்பிடி ரப்பரில் எழுதிவையுங்கள். என் கெக் எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறது. இரவல் கொடுத்தாலும் எண்ணோடுதான் போகும்.

ஈயம்பூசி எழுதியது:

தராசுக்காரரே, சனிக்கிழமை இரவு கூட்டம் நடுவில் கெக்கைக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டிருப்பீர்களா? :)

நான் கெக்குக்கு அடியிலேயே தராசை வைத்துவிட்டேன். பழைய குளியலறை எடைமேடையைப் பிரித்தால் நான்கு மூலையிலும் நான்கு லோட் செல் (எடையை மின்குறியாக மாற்றும் உணரி) கிடைக்கும், பெரும்பாலும் ஒவ்வொன்றும் 50 கிலோ தாங்கும். நான்கையும் பாலம்போல் இணைத்து அந்தக் குறியை எண்ணாக மாற்றும் ஒரு எச்எக்ஸ்711 போர்டுக்குக் கொடுங்கள், அங்கிருந்து வைஃபை உள்ள ஈஎஸ்பி32 சில்லுக்கு. போனில் எண்ணைப் பார்க்கலாம். கதவைக்கூடத் திறக்க வேண்டாம்.

தராசுக்காரன் எழுதியது:

> கதவைக்கூடத் திறக்க வேண்டாம்

அது உண்மைதான், சபாஷ். ஆனால் நான்கு வாரம் தொடர்ந்து இருபது கிலோ ஏறி உட்கார்ந்தால் லோட் செல் நகர்ந்துவிடுமே? எண் மெல்ல மெல்ல மாறுவதை நீங்கள் பார்க்கவில்லையா?

ஈயம்பூசி எழுதியது:

மாறும், மறுக்கவில்லை. இரண்டு விதமாக மாறும். ஒன்று, சுமை ஏறியபடியே இருப்பதால் வரும் தளர்ச்சி. மலிவான செல்லில் இது கண்ணுக்குத் தெரியும். கெக்கை எடுக்காமல் பூஜ்ஜியத்தைத் திரும்பச் சரிசெய்யவும் முடியாது. மற்றொன்று வெப்பநிலை. ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடும்போது ஒரு எண், நின்றிருக்கும்போது ஒரு எண். போனில் வரைபடமாகப் போட்டால் யாருமே குடிக்காத இரவில் பீர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். அளவுதிருத்தத்தை மேசைமேல் செய்யாதீர்கள். தராசை ஃப்ரிட்ஜுக்குள் ஒரு இரவு குளிரவிட்டு, அங்கேயே 10 லிட்டர் தண்ணீரை வைத்துச் செய்யுங்கள். அந்தத் தண்ணீரும் குளிர்ந்ததாக இருக்கட்டும். போர்டை ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்துவிட்டு கேபிளை மட்டும் உள்ளே விடுவது நல்லது, ஈரம் ஏறினால் எண் தாறுமாறாகக் குதிக்கும். அப்புறம் சராசரி எடுங்கள். ஒற்றை அளவீட்டை ஒருபோதும் நம்பாதீர்கள்.

பிறகு, எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று குழாய்கள். பீர் லைனும் வாயு லைனும் கெக்கை மேலே இழுத்துக்கொண்டோ கீழே அழுத்திக்கொண்டோ இருக்கும். விறைப்பான குழாய் என்றால் சில நூறு கிராம் வரை விளையாடும். கதவைச் சாத்தும்போது குழாய் லேசாக நகர்ந்தாலும் எண் மாறும். குழாய்களைத் தளர்வாகச் சுருட்டி, ஃப்ரிட்ஜின் சுவரில் ஒரு கிளிப் போட்டு நிறுத்துங்கள். பாதிப் பிரச்சனை அங்கேயே தீர்ந்துவிடும்.

இத்தனையும் செய்தால் 100 கிராம் துல்லியம் கிடைக்கும். ஒரு கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு. எனக்கு அது போதும்.

மால்ட்டும்ஹாப்பும் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எடை என்றால் வாயுவின் எடையும் அதில் வருமே, அதை யாரும் கழிக்கவில்லையா?

தராசுக்காரன் எழுதியது:

நல்ல கேள்வி. போட்டுப் பார்த்துவிடுவோம். கார்பன் டை ஆக்சைடு ஒரு வால்யூம் (பீரின் கன அளவுக்குச் சமமான வாயு) என்பது லிட்டருக்கு 1.96 கிராம். பீரில் 2.5 வால்யூம் கரைந்திருந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம், 19 லிட்டருக்கு 93 கிராம். நொதித்தல் முடிந்த பீரில் ஏற்கனவே 0.8 வால்யூம் போல வாயு இருக்கும். ஆக, சிலிண்டரிலிருந்து நாம் ஏற்றுவது 60 கிராம்தான் தேறும்.

அடுத்தது காலி இடத்தில் இருக்கும் வாயு. 12 பிஎஸ்ஐ அழுத்தம், ஃப்ரிட்ஜ் குளிர், லிட்டருக்கு 3.5 கிராம் வரும். பீர் முழுக்கத் தீர்ந்த கெக்கில் இப்படி 65 கிராம் வாயு நிற்கும். காலியாக எடைபோட்டபோதும் உள்ளே 20 கிராம் போலக் காற்று இருந்தது, ஆக வித்தியாசம் 40 கிராம் போலத்தான். கழுவி எடைபோட்டபோது 4.10 கிலோ இருந்த கெக், குடித்து முடித்ததும் 4.10 காட்டாமல் 4.14 காட்டினால் பயந்துவிடாதீர்கள், உள்ளே ஒளிந்துகொண்ட பீர் எதுவும் இல்லை. வாயுதான்.

நுரைமன்னன் எழுதியது:

ஆக நான் தூக்கிப் பார்ப்பதும் எடை போடுவதுதான். கருவி இல்லாமல். நன்றி, வணக்கம்.

அமைதிநொதி எழுதியது:

நுரைமன்னன் சொல்வதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். முழுசாகத் தூக்காமல் ஒரு ஓரத்தை மட்டும் சாய்த்துப் பார்த்தால், கால் பாகத்துக்குக் கீழே போய்விட்டதா என்று கை சொல்லிவிடும். ஆனால் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும், ஆட்டினால் அடுத்த சில கோப்பைகள் கலங்கலாக வரும். கோதுமை பீர் என்றால் பரவாயில்லை. லாகர் போலத் தெளிவான பீர் ஊற்றுகிறவர்கள் சாய்க்க வேண்டாம், தொங்கு தராசுக்காரருக்கும் இதே எச்சரிக்கை.

வால்வுவாசன் எழுதியது:

யாரும் ஃப்ளோ மீட்டரைப் பற்றிப் பேசவில்லையே? பீர் லைனில் ஒரு சின்னச் சக்கரம், அது சுற்றும்போது ஹால் சென்ஸர் (காந்தத்தை உணரும் கருவி) துடிப்புகளை எண்ணும், ஊற்றியதைக் கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் தெரிந்துவிடும். இரண்டு குழாய்க்கும் போட்டிருக்கிறேன். யார் எந்தக் குழாயில் எவ்வளவு ஊற்றினார்கள் என்று திரையில் வரும்.

ஈயம்பூசி எழுதியது:

திரையில் பார்க்க அழகாக இருக்கும், அதற்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன். நுரை போனாலும் சக்கரம் சுற்றும், அதையும் பீர் என்று எண்ணும். சக்கரமே சில சமயம் நுரையைக் கிளப்பும். உள்ளே பீர்க்கறை படியும், கழுவுவது தனி வேலை.

இதைவிடப் பெரிய குறை, பிழை சேர்ந்துகொண்டே போவது. 2 சதவீதப் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கோப்பையில் அது சில துளிகள். 19 லிட்டரும் ஊற்றி முடிக்கும்போது 380 மி.லி. ஆகிவிடும். தீரப்போகும் நேரத்தில்தானே நமக்குச் சரியான எண் வேண்டும்? அப்போதுதான் இது அதிகமாகப் பொய் சொல்லும். எடையில் அந்தச் சிக்கல் இல்லை. நேற்றைய பிழை நேற்றோடு போயிற்று.

வால்வுவாசன் எழுதியது:

நுரை விஷயம் உண்மை. பிழை சேர்வதும் உண்மை. ஆனால் ஃப்ரிட்ஜில் தராசு வைக்க இடமே இல்லாதவர்களுக்கு? என் ஃப்ரிட்ஜில் கெக்கின் தலைக்கும் கூரைக்கும் நடுவில் இரண்டு விரல்தான் இடைவெளி. ஒரு பலகை வைத்தால் கதவு சாத்தாது. நான் இதோடுதான் குடித்தனம் நடத்தியாக வேண்டும்.

பழையகெக் எழுதியது:

இடம் இல்லாதவர்களுக்குக் காந்த மிதவை இருக்கிறது. உள்ளே காந்தம் வைத்த மிதவை, வெளியே தகட்டில் ஒட்டிக்கொண்டு அதோடு சேர்ந்து இறங்கும் ஒரு துண்டு. கார்னியின் உருளைப் பகுதி காந்தத்தால் ஈர்க்கப்படாத ரகம் என்பதால் இது வேலை செய்கிறது. பார்த்த மாத்திரத்தில் மட்டம் தெரியும், மின்சாரம் வேண்டாம், போன் வேண்டாம். ஒரு பொருளை உள்ளே போட்டுக் கிருமிநீக்கம் செய்ய வேண்டியிருக்கிறதே என்று மட்டும்தான் எனக்கு மனத்தாங்கல். மிதக்கும் டிப் டியூப் போட்டவர்கள் இரண்டும் ஒன்றோடொன்று சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மால்ட்டும்ஹாப்பும் எழுதியது:

என்னிடம் வேலைக்காக வாங்கிய வெப்பக் கேமரா இருக்கிறது. கெக்கைப் பார்த்தால் என் முகம்தான் தெரிந்தது! மினுமினுக்கும் ஸ்டீல் தன் சூட்டைச் சரியாக வெளியிடாது, எதிரே இருப்பதன் சூட்டைத்தான் பிரதிபலிக்கும். மேலிருந்து கீழாக ஒரு கோடு மாஸ்கிங் டேப் ஒட்டினேன். டேப்பில் மட்டம் கோடு போட்டதுபோல் வந்தது. வெளியே எடுத்து வைத்த சில நிமிடத்தில் பார்க்க வேண்டும். இதற்காகப் போய்க் கேமரா வாங்காதீர்கள், ஏற்கனவே இருந்தால் சரி.

சிலிண்டர்சித்தன் எழுதியது:

மன்னிக்கவும், கொஞ்சம் தடம் மாறுகிறேன். பீர் போலவே வாயு எவ்வளவு மிச்சம் என்பதும் எனக்குத் தெரிவதில்லை. ரெகுலேட்டரில் பெரிய முள் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கிறது, பிறகு ஒரே மாலையில் படுத்துவிடுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?

தராசுக்காரன் எழுதியது:

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது. திரவம் ஒரு சொட்டு இருக்கும்வரை மேலே உள்ள அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. 20 டிகிரியில் அது சுமார் 57 பார், நிரம்பிய சிலிண்டரிலும் அதுதான், பாதி தீர்ந்ததிலும் அதுதான். திரவம் ஆவியாகி முடிந்த பிறகுதான் முள் இறங்கத் தொடங்கும். அப்போது மிச்சம் கொஞ்சம்தான்.

இதற்கும் எடைதான். சிலிண்டரின் தோளில் காலி எடை பொறித்திருக்கும், தேடிப் பாருங்கள். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு எடை போடுங்கள். ஒரு கெக்கைக் கார்பனேட் செய்து ஊற்றி முடிக்கக் கணக்குப்படி 130 கிராம் போல ஆகும். காற்றை வெளியேற்ற வாயுவை விட்டு விட்டு எடுப்பது, கசிவு எல்லாம் சேர்த்தால் இன்னும் கூடும். 200 கிராமுக்குக் கீழே போய்விட்டால் அடுத்த கெக்கை மாட்டுவதற்கு முன்னால் யோசியுங்கள்.

மட்டுறுத்துநர்:

சிலிண்டர் பேச்சை இதற்கு மேல் தொடர்வதென்றால் தனி இழை திறக்கவும். இங்கே கெக்கோடு நிற்போம்.

கடைசிக்கோப்பை எழுதியது:

தொங்கு தராசு வாங்கியாயிற்று. ஆனால் காலி எடை? இந்தக் கெக் ஏற்கனவே பீரோடு ஓடிக்கொண்டிருக்கிறது, இனி எப்படித் தெரிந்துகொள்வது?

தராசுக்காரன் எழுதியது:

அதே ரகத்தில் காலி கெக் இன்னொன்று இருந்தால் அதை எடை போட்டு, கால் கிலோ முன்பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இப்போதைய எடையைக் குறித்துக்கொண்டு, இந்தக் கெக் தீர்ந்ததும் திரும்ப எடை போடுங்கள். இந்தத் தடவைக்கு உதவாது, அடுத்த தடவைக்கு எண் தயார்.

மேலும், தராசு சொல்வதெல்லாம் கோப்பைக்கு வராது. அடியில் ஈஸ்ட் வண்டல், டிப் டியூப் எட்டாத கொஞ்சம், லைனில் நிற்பது. அரை லிட்டர் கழித்துவிடுங்கள். டிப் டியூபை வெட்டிக் குட்டையாக்கியிருந்தால் இன்னும் அதிகம்.

கடைசிக்கோப்பை எழுதியது:

இன்னொரு கெக் இருக்கிறது, ஒரே ரகம், அதே ரப்பர். அது காலியாக 4.2 கிலோ. ஓடிக்கொண்டிருப்பதை லைன்களைக் கழற்றிவிட்டுத் தூக்கினேன், 10.1 கிலோ. வித்தியாசம் 5.9, அதை 1.01ஆல் வகுத்தால் 5.84 லிட்டர். அரை லிட்டர் வண்டலுக்குக் கழித்தால் 5.3. அதாவது 330 மி.லி. கோப்பையில் பதினாறு. வெந்நீரும் ஊற்றிப் பார்த்தேன், ரப்பருக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் ஜில்லென்று ஆனது. இரண்டும் ஒத்துப்போகிற மாதிரிதான் இருக்கிறது.

நுரைமன்னன் எழுதியது:

எட்டுப் பேர், பதினாறு கோப்பை. ஆளுக்கு இரண்டு. உங்களையும் சேர்த்தா, சேர்க்காமலா?

கடைசிக்கோப்பை எழுதியது:

சேர்க்காமல். அடுத்த கெக்கை இன்று இரவே ஃப்ரிட்ஜில் ஏற்றுகிறேன்.

அமைதிநொதி எழுதியது:

ஏற்றுவதற்கு முன்னால் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை லிட்டர் நிரப்பினீர்கள் என்று குறிப்பேட்டில் இருக்கும்தானே, அதை 1.01ஆல் பெருக்கி எடையிலிருந்து கழித்தால் இதன் காலி எடையும் கைக்கு வந்துவிடும்.